குதிரைக்காரரின் பெயர்



தறிச் சத்தமும் திருவிழா மேளமும் கேட்டுப் பழகிய இந்தக் காஞ்சிபுரத்தில், தடை தாண்டும் சர்வதேசக் குதிரைப் போட்டியைப் பற்றி, அதிலும் அந்தப் போட்டியில் குதிரையைப் பார்த்துக்கொள்ளும் குதிரைக்காரரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். குதிரை நமக்குப் புதிதல்ல. தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, அவன் நாட்டு நீர்ப்பெயற்றுத் துறையில் குதிரைகளோடு வந்து நின்ற நாவாய்களைக் காட்டுகிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுற்றில் பல்லவர் வரலாற்றைச் சொல்லும் சிற்ப வரிசையில் குதிரைகள் உண்டு. வரதராசப் பெருமாள் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் விசயநகரக் காலத்துச் சிற்பிகள் செதுக்கிய குதிரைகள் முன்னங்கால் தூக்கி நிற்கின்றன. பிரம்மோற்சவத்தில் பெருமாளே குதிரை வாகனத்தில் எழுந்தருளுகிறார். இந்தக் குதிரைகளின் மேல் இருப்பவர் யார் என்று கேட்டுக் கேட்டு நாம் தெரிந்துகொண்டோம். கீழே நின்றவர் யார் என்று கேட்கும் பழக்கம்தான் நமக்கு இல்லை. அந்தக் கேள்வியையே இன்று இந்த அவையில் வைக்கிறேன்.

தடை தாண்டும் போட்டியின் முடிவு உலகெங்கும் ஒரே மாதிரி அச்சாகிறது. வீரரின் பெயர், குதிரையின் பெயர், நாடு, தண்டப் புள்ளி, நேரம். இந்தப் பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டிருக்கிறது என்பது என் வாதம். ஏழைத் தொழிலாளிக்கு இரக்கம் காட்டுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. பட்டியல் பிழையானது, நடந்ததை நடந்தபடி சொல்லவில்லை என்று காட்டவே வந்திருக்கிறேன். இரக்கம் என்பது கொடுப்பவர் மனதைப் பொறுத்தது. பிழை என்றால் திருத்தியே ஆகவேண்டும்.

முதலில் அவருடைய நாளைப் பார்ப்போம். கிழக்கு வெளுப்பதற்கு முன்பே அவர் லாயத்துக்குள் நுழைகிறார். தீவனம் வைப்பதற்கு முன் கண்ணுக்கு வேலை இருக்கிறது. இரவு வைத்த புல்லில் எவ்வளவு மிச்சம், வாளித் தண்ணீர் எவ்வளவு குறைந்திருக்கிறது, லத்தி வழக்கம்போல் இருக்கிறதா, படுத்து எழுந்த அடையாளம் உடம்பில் ஒட்டிய வைக்கோலில் தெரிகிறதா என்று பார்க்கிறார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதன் இரைப்பை உடம்பின் அளவுக்குச் சிறியது, அதில் அமிலம் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கும். ஆகவே ஐந்நூறு, அறுநூறு கிலோ எடையுள்ள அந்த விலங்குக்கு வயிற்றுவலி வந்தால் அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அது வாய்விட்டுச் சொல்லாது. தின்னாமல் விட்ட ஒரு பிடி புல்தான் சொல்லும். அடுத்து உடல் வெப்பம். 2021 பிப்ரவரியில் ஸ்பெயினின் வலென்சியாவில் நடந்த போட்டியிலிருந்து ஹெர்பெஸ் வகைத் தொற்று ஒன்று பரவி ஐரோப்பாவில் குதிரைகள் மாண்டன, பல நாடுகளில் போட்டிகள் வாரக்கணக்கில் நின்றுபோயின. அதன் பிறகு போட்டி நடக்கும் இடத்தில் ஒவ்வொரு குதிரைக்கும் நாளைக்கு இரண்டு முறை வெப்பம் பார்த்துக் குறித்துவைப்பது கட்டாயமாயிற்று. அந்த வெப்பமானியைக் கையில் பிடிப்பவர் பெரும்பாலும் குதிரைக்காரர்தான்.

வெப்பம் பார்த்த பின் கால்கள். இரவு சுற்றிய பட்டையை அவிழ்த்து, முழங்காலிலிருந்து குளம்பு வரை உள்ளங்கையால் மெல்லத் தடவிக்கொண்டே இறங்குகிறார். நேற்று இல்லாத சூடு, நேற்று இல்லாத வீக்கம் இன்று இருக்கிறதா என்று அந்தக் கை தேடுகிறது. அந்தக் கால் நேற்று இருந்த நிலையை அறிந்த கைக்குத்தான் இன்றைய மாற்றம் தெரியும். எத்தனை படித்த மருத்துவராக இருந்தாலும் முதல் முறையாகத் தொடுபவருக்கு ஒப்பிட ஒன்றும் இருக்காது. பிறகு லாயத்தைக் கூட்டி அள்ளுவது, கையில் பிடித்து நடத்துவது, தேய்த்துத் துலக்குவது, பிடரிமயிரைப் பின்னுவது, சேணத்தின் ஒவ்வொரு வாரையும் இழுத்துப் பார்ப்பது என்று வேலை நீளுகிறது. புல்தரைக் களமானால் லாடத்தில் திருகி மாட்டும் ஆணிகள் வேண்டும். தரை ஈரமா, இறுகியதா என்று பார்த்து அதற்கேற்ற நீளத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறினால், பாய்ந்து இறங்கும் இடத்தில் குதிரை வழுக்கும். வீரர் பயிற்சிக் களத்துக்கு வந்ததும் கட்டைகளைப் படிப்படியாக உயர்த்திக் கொடுப்பவரும், நுழைவாயிலில் கடிவாளத்து நுரையைத் துடைத்து, வயிற்று வாரைக் கடைசியாக ஒருமுறை இறுக்குபவரும் குதிரைக்காரரே. உள்ளே வீரரும் குதிரையும் இருப்பது ஒன்றரை நிமிடம்போல. ஒலிம்பிக் அளவில் தடைகள் 1.65 மீட்டர் வரை உயரும். ஒரு கட்டை விழுந்தால் 4 தண்டப் புள்ளி. வெளியே வந்ததும் வாரைத் தளர்த்தி, மூச்சு அடங்கும்வரை நடத்தி, தண்ணீர் ஊற்றி, கால்களைப் பனிக்கட்டியில் குளிர்வித்து, மறுபடியும் பட்டை கட்டி, தீவனம் வைத்து, இரவில் கடைசியாக ஒருமுறை எட்டிப் பார்த்த பிறகுதான் அவருடைய நாள் முடிகிறது. ஐந்து நாள் போட்டியானால் இதே ஐந்து முறை. இடையில் நாடு விட்டு நாடு லாரிப் பயணம், கண்டம் விட்டுக் கண்டமானால் சரக்கு விமானத்தில் குதிரைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே பயணம்.

இதையெல்லாம் பாராட்டத்தக்க உழைப்பு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். என் வாதத்துக்கு அது போதாது. இந்த வேலை வெற்றிக்குப் பின்னால் நிற்கும் உதவியா, வெற்றியின் உள்ளே இருக்கும் பாகமா என்பதே கேள்வி. நம் நாட்டுச் சான்று ஒன்று இதற்கு உதவும். டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஆகஸ்ட் தொடக்கத்தில், பெங்களூரைச் சேர்ந்த ஃபவாத் மிர்சா, சென்யோர் மெடிகாட் என்ற குதிரையில் ஈவென்டிங் என்னும் மூன்று கட்டப் போட்டியில் இறங்கி, இறுதிச் சுற்றுவரை சென்று 23ஆம் இடம் பெற்றார். அந்தப் போட்டியின் இரண்டாம் கட்டம் மேடுபள்ளமும் நீரும் மரத்தடைகளும் நிறைந்த நெடிய ஓட்டம். மூன்றாம் கட்டம் தடை தாண்டுதல். இரண்டுக்கும் நடுவில் ஒரு பரிசோதனை உண்டு. குதிரையைக் கையில் பிடித்து ஓட்டிக் காட்ட வேண்டும், கால் சற்று இழுத்தாலும் நடுவர்கள் வெளியேற்றிவிடலாம். டோக்கியோவின் ஆகஸ்ட் வெக்கையில் ஓடிக் களைத்த குதிரையை மறுநாள் ஊனமில்லாமல் நடக்கவைப்பது அந்த இரவின் வேலை. அந்த இரவில் சேணமும் இல்லை, சவாரியும் இல்லை. ஆனால் அந்த இரவு சரியாகப் போகாவிட்டால் மூன்றாம் கட்டமே இல்லை. முடிவைத் தீர்மானிக்கும் கட்டம் ஒன்று, வீரர் சேணத்தில் இல்லாத நேரத்தில் நடக்கிறது. நடந்ததைச் சொல்லும் பட்டியல் அதை விட்டுவிடலாமா?

இன்னும் பெரிய சான்று தமிழ்நாட்டின் பழைய வரலாற்றிலேயே கிடக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்கோ போலோ, அங்கே அரசரும் அவருடைய சகோதரர்களும் ஆண்டுக்கு ஆளுக்கு 2000 குதிரைகளுக்கு மேல் வாங்கியதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாது என்றும் குறித்திருக்கிறார். காரணமும் சொல்கிறார்: குதிரையைப் பேணத் தெரிந்தவர்கள் அங்கே இல்லை. லாடம் அடித்துப் பேணத் தெரிந்தவர்களை வணிகர்கள் கூட்டிவருவதும் இல்லை, வர விடுவதும் இல்லை, ஏனென்றால் குதிரை செத்தால்தான் அடுத்த ஆண்டு வியாபாரம். பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப், கீஸ் தீவு வணிகர் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1400 குதிரைகள் அனுப்ப உடன்பாடு இருந்ததையும், ஒரு குதிரைக்கு 220 பொன் தினார் விலை என்பதையும், வழியில் இறந்த குதிரைக்கும் பணம் கொடுக்கப்பட்டதையும் எழுதுகிறார். இவர்கள் கேட்டதைப் பெருக்கி எழுதியிருக்கலாம். 2000 என்பது 1000 ஆகவே இருக்கட்டும். ஒருவரையொருவர் பார்த்து எழுதாத இருவர், பொன்னைக் கொட்டி வாங்கிய உயர்சாதிக் குதிரைகள் இங்கே வந்து வீணாயின என்பதில் ஒத்துப்போகிறார்கள். வாங்க அரசர் இருந்தார், விற்க வணிகர் இருந்தார், ஏறி ஓட்டச் சேவகரும் இருந்தனர். இல்லாதவர் ஒருவர்தான். அவர் இல்லாததால் ஒரு பேரரசின் கருவூலம் லாயத்தில் செத்து விழுந்தது.

நம் மண்ணின் வெக்கை அந்நியக் குதிரைக்கு ஒவ்வாது, பாகன் என்ன செய்வான் என்று இதற்கு மறுப்பு சொல்வதுண்டு. வெக்கை கெடுதல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரேபியக் குதிரையின் வேர் கொண்ட பந்தயக் குதிரைகள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கிண்டியில் ஓடியிருக்கின்றன. சென்னை வெயில் அவற்றுக்காகக் குறைந்துகொள்ளவில்லை. மருத்துவம் வளர்ந்தது, அதோடு தண்ணீர் காட்டும் நேரம், நிழல், தீவனம், குளம்புப் பராமரிப்பு தெரிந்த கைகளும் ஒரு பரம்பரையாக இங்கே உருவாயின. குதிரைப்பாகன், வாதுவன், குதிரைக்காரன் என்று தமிழில் பெயர்கள் இருக்கின்றன. பந்தய லாயங்களில் சைஸ் என்கிறார்கள், அரபியிலிருந்து உருது வழியே வந்த சொல். தொழிலுக்கு இத்தனை பெயர் வைத்த நாம் தொழில் செய்தவர்களின் பெயரை எழுதி வைத்தது குறைவு.

இந்த மறதி எவ்வளவு பழையது என்பதைக் காஞ்சி வட்டாரத்துக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும் நாடு இது. விராட பருவத்தில் நகுலன் எங்கே ஒளிந்தான்? விராடனின் குதிரை லாயத்தில். நளன், கார்க்கோடகன் என்ற பாம்பு தீண்டி உருமாறி வாகுகன் ஆனபோது எங்கே வேலைக்குச் சேர்ந்தான்? அயோத்தி மன்னன் இருதுபன்னனின் குதிரைகளிடம். அரசனாகப் பிறந்தவன் ஒளிந்துகொள்ள லாயத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அங்கே நிற்பவனின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, பெயரை யாரும் கேட்பதில்லை. கதை சொன்னவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். ஆனால் அவர்கள் இன்னொன்றையும் அறிந்திருந்தார்கள். வாகுகனே தன் கணவன் நளனோ என்ற தமயந்தியின் ஐயத்தை வளர்த்தவற்றில் வாகுகனின் கைத்திறனும் ஒன்று. குதிரையைத் தேரும் அறிவும் தேரைச் செலுத்தும் வேகமும் நளனைத் தவிர வேறொருவருக்கு வராது என்று அவள் கண்டுகொண்டாள். முகம் மறைந்தாலும் கை மறையவில்லை. குதிரைக்காரரின் வேலை யார் செய்தாலும் ஒன்றுதான், ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். எஃப்.இ.ஐ. என்னும் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் ஊக்கமருந்து விதிகளில், குதிரையின் உடம்பில் தடைசெய்யப்பட்ட பொருள் கண்டறியப்பட்டால் முதற்பொறுப்பு வீரருக்கு. அதோடு விதி நிற்பதில்லை. குதிரைக்காரர் உள்ளிட்ட துணைப் பணியாளரையும் கூடுதல் பொறுப்பாளராகச் சேர்க்க அது இடம் தருகிறது. இது சரியான விதி. தீவன வாளியைத் தொடுகிறவர் அவர்தானே. கௌடிலியரின் அர்த்தசாத்திரத்திலும் குதிரை அதிகாரியைப் பற்றிய பகுதியில், கட்டுகிறவர், புல் போடுகிறவர், தீவனம் சமைக்கிறவர் என்று ஒவ்வொருவரும் தம் வேலையில் தவறினால் அன்றைய கூலியை இழப்பார் என்று இருக்கிறது. ஆக, இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னும் இன்றும் சட்டம் ஒன்றை மறுக்கவில்லை: குதிரைக்கு நேர்வதில் குதிரைக்காரரின் செயல் கலந்திருக்கிறது. தண்டிக்கும்போது இந்த உண்மை நினைவுக்கு வருகிறது. பதக்கம் மாட்டும்போது மட்டும் எப்படி மறந்துபோகிறது? பொறுப்பில் பங்கு உண்டு, பெருமையில் பங்கு இல்லை என்பது நீதியாகாது. காரணமாக இருந்தவர் கெட்டதற்கு மட்டுமே காரணம், நல்லதற்குக் காரணம் அல்ல என்று எந்தத் தர்க்கமும் ஒப்பாது.

வலுவான மறுப்புகள் இரண்டு இருக்கின்றன. முதலாவது, களத்தில் உயிரைப் பணயம் வைப்பவர் வீரர், தடைக்கு முன் எத்தனை எட்டு என்று கணக்கிட்டு நொடியில் முடிவெடுப்பவர் வீரர், அந்தத் திறமைக்கு நிகரேது என்பது. நிகரில்லைதான். ஒன்றரை நிமிடத்துக்குள் அவர் எடுக்கும் முடிவுகளை வேறு யாராலும் எடுத்துத் தர முடியாது. அதனால்தான் வீரரின் பதக்கத்தில் பாதியை வெட்டிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பட்டியலில் குதிரையின் பெயரை எழுதியதால் வீரரின் புகழ் குறைந்ததா? மூன்றாவது பெயராலும் குறையாது. ஆபத்து என்றால், உதைக்கும் கடிக்கும் விலங்கின் பின்னங்காலுக்கு அருகே நாள்தோறும் குனிந்து நிற்பவருக்கும் அது உண்டு. குதிரைக்காரர் கூலி வாங்குகிறாரே என்பதை நான் மறுப்பாகவே கொள்ளவில்லை. வீரர்களில் பலரும் சம்பளத்துக்கோ பரிசுப் பணத்துக்கோ ஏறுகிறவர்கள்தான். கூலி வாங்கியவர் பெயருக்கு உரியவரல்லர் என்றால் இவர்கள் பெயரையும் அழிக்க வேண்டிவரும்.

இரண்டாவது மறுப்பு கூர்மையானது. குதிரைக்காரரைச் சேர்த்தால் லாடம் அடிப்பவரை விடலாமா, மருத்துவரை விடலாமா, லாரி ஓட்டுநரை விடலாமா, கோடு எங்கே போடுவது என்கிறார்கள். இதற்கு விடை காஞ்சிபுரத்தின் தறியில் இருக்கிறது. கோர்வைப் பட்டு நெய்ய மூன்று நாடா வேண்டும். ஒரு பக்கக் கரையின் நாடாவையும் உடலின் நாடாவையும் நெசவாளர் எறிவார், மறுபக்கக் கரைக்குத் தறியில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். பட்டு நூல் கொண்டுவந்தவர், சாயம் தோய்த்தவர், பாவு ஓடியவர் எல்லோரும் அந்தச் சேலைக்கு வேண்டியவர்களே. ஆனால் கரையும் உடலும் பூட்டிக்கொள்ளும் அந்தக் கணத்தில் தறியில் இருப்பவர்கள் இருவர். கோட்டை அங்கே போடலாம். லாடம் அடிப்பவர் நான்கு, ஆறு வாரத்துக்கு ஒருமுறை வருகிறார். மருத்துவர் கூப்பிட்டால் வருகிறார். குதிரையின் ஒவ்வொரு நாளும் யாருடைய நாளாக இருக்கிறதோ, இன்று இது ஓடக்கூடாது என்று முதலில் சொல்லக்கூடியவர் யாரோ, அவர் குதிரைக்காரர் ஒருவரே. தறியில் மறுபக்கக் கரைக்கு உட்காரும் அந்த உதவிக் கையின் பெயரைக் காஞ்சிபுரம் சேலைச் சீட்டில் எழுதியதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மற்றவர் பிழையைப் பேசும்போது நம் வீட்டுப் பிழையை ஒளிக்கக் கூடாது.

இது நடக்கக்கூடிய காரியமா என்று கேட்டால், நடந்திருக்கிறது. ஜப்பானின் தேசியக் குதிரைப் பந்தய அமைப்பில் பரிசுத் தொகையில் 80 சதவீதம் உரிமையாளருக்கு, 10 பயிற்சியாளருக்கு, 5 குதிரை ஓட்டியவருக்கு, மீதி 5 குதிரைக்காரருக்கு. ஓட்டியவருக்கும் பேணியவருக்கும் அங்கே ஒரே பங்கு. அதனால் ஜப்பானியப் பந்தயம் கெட்டுவிடவில்லை, உலகின் மிகச் செழிப்பான பந்தயங்களில் அது ஒன்று. பிரிட்டனில் லாயப் பணியாளர்களுக்குப் பரிசுப் பணத்திலிருந்து ஒரு பங்கு ஒதுக்கும் வழக்கம் உண்டு. அங்கே பந்தயத்துக்கு முன் மிக நன்றாகப் பேணப்பட்ட குதிரைக்கென்று தரும் பரிசு குதிரைக்காரரின் கைக்கே போகிறது. எஃப்.இ.ஐ. ஆண்டுதோறும் சிறந்த குதிரைக்காரர் விருது தருகிறது. நல்லது, வரவேற்கிறேன். ஆனால் ஆண்டுக்கு ஒருவரை மேடையேற்றுவதும், ஒவ்வொரு போட்டியிலும் உழைத்தவரின் பெயரை எழுதுவதும் ஒன்றல்ல. முன்னது பாராட்டு, பின்னது பதிவு. பதிவு இல்லாத இடத்தில் ஒருவர் பத்து ஆண்டு வேலை செய்தாலும் அடுத்த இடத்தில் காட்ட அவர் கையில் ஒன்றும் இருக்காது. பெயர் பதிந்தால்தான் யார் எத்தனை குதிரை பார்த்தார், எத்தனை மணி நேரம் தூங்கினார், என்ன சம்பளம் பெற்றார் என்ற அடுத்த கேள்விகளையே கேட்க முடியும்.

2023 செப்டம்பரில் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் சுதிப்தி ஹஜேலா, திவ்யாகிருதி சிங், ஹிருதய் சேடா, அனுஷ் அகர்வாலா ஆகிய நால்வரும் குதிரையின் நடைத்திறனைக் காட்டும் டிரஸ்ஸாஜ் குழுப் போட்டியில் இந்தியாவுக்குத் தங்கம் வென்றார்கள். குதிரையேற்றத்தில் 1982 தில்லிக்குப் பிறகு 41 ஆண்டு கழித்து வந்த தங்கம். நால்வரின் பெயரும் நாட்டுக்குத் தெரிந்தது, தெரிய வேண்டியதே. அவர்களுடைய குதிரைகளின் பெயரைக்கூடச் செய்தித்தாள்கள் எழுதின. அந்தக் குதிரைகளின் காலைத் தடவிப் பார்த்த கைகளுக்கு உரிய பெயர்களை நம்மில் எத்தனை பேர் படித்தோம்?

சென்னையிலும் உதகையிலும் கோவையிலும் குதிரையேற்றப் பயிற்சி நடக்கிறது, சிறுவர்களுக்கான தடை தாண்டும் போட்டிகளும் நடக்கின்றன. உலக அமைப்பு விதியைத் திருத்தட்டும் என்று இவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. உள்ளூர்ப் போட்டியின் முடிவுப் பட்டியலை அச்சிடுவது உள்ளூர்க்காரர்கள்தான். அதில் வீரர், குதிரை என்ற இரண்டு பத்திகளுக்குப் பக்கத்தில் குதிரைக்காரர் என்று மூன்றாவது பத்தி ஒன்றைச் சேருங்கள், பரிசளிப்பின்போது அந்தப் பெயரையும் ஒலிபெருக்கியில் வாசியுங்கள் என்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். செலவு, ஒரு பத்தி அளவு மை. இந்த அவையில் இருக்கும் பெற்றோரில் யாராவது பிள்ளையைக் குதிரையேற்றத்துக்கு அனுப்பினால், அந்தக் குதிரையைப் பார்த்துக்கொள்பவரின் பெயரைப் பிள்ளையிடம் கேளுங்கள். தெரியவில்லை என்றால், நாளை கேட்டு வரச் சொல்லுங்கள்.